மைதானத்தில் படுத்தவன்

அன்புள்ள அம்மாவுக்கு, நாசர் ஸலாம் சொல்லி எழுதுவது. முட்டிவலி இப்போது தேவலையா? நான் நல்ல சுகம்.

போனில் சொன்னால் என் குரலை வைத்தே எதையாவது கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால்தான் ஊருக்கு வரும் ஹனிபா அண்ணனிடம் இந்தக் கடிதம்.

இங்கே தோஹாவில் ஒரு டிவியில் கால்பந்து ஆட்டங்களுக்கு வெறிபிடித்த ரசிகர்களையே வர்ணனை பேச விடுகிறார்கள். போன வாரம் தமிழில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். டூட்டி முடிந்து அப்படியே போனேன். நான் உயிராய் நினைக்கும் அணி ஒரு கோல் பின்தங்கி நிற்கிறது. எதிரணிக்காரன் ஒருவன் நேரத்தைக் கடத்த மைதானத்திலேயே படுத்துவிட்டான். திட்டத்தான் வாயைத் திறந்தேன். "படுத்துக்க ராசா, நீயாவது தூங்கு" என்று வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் துண்டு இப்போது காரைக்குடி வரை செல்போனில் சுற்றுகிறதாம்.

யாராவது அதைக் காட்டி, "ஒங்க மகன் தூக்கமில்லாமக் கெடக்கான் போலயே, கேட்டீகளா?" என்றால் நம்பாதீர்கள். அது வெறும் தமாஷ்.

அண்ணன் திரும்பும்போது சுக்குமல்லிப் பொடி கொடுத்துவிடுங்கள். நீங்கள் தலைவைத்துப் படுக்கும் தலையணையின் உறையும் வேண்டும். துவைத்துவிடாதீர்கள்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்கள் நாசர்