என் தலையசைப்பு குறித்த விளக்கம்

பதிவு எண் 9,417
2023 அக்டோபர் 2, திங்கட்கிழமை, காலை 6.40. ரூசே.

எனக்கு இன்றோடு அறுபத்தாறு வயதும் ஐந்து மாதங்களும் ஆகின்றன. பல்கலைக்கழகத்தில் கணித முதுகலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் இம்மாதம் 27, வெள்ளி. இவ்வாண்டுக்குப் பிறகு அந்தப் படிப்பையே மூடிவிடுகிறார்கள். 1981இல் இதே படிப்பில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டுத்தான் ஆலையின் கணினி நிலையத்தில் சேர்ந்தேன். விண்ணப்பத்தின் ஒன்பது பக்கங்களையும் நேற்றே பூர்த்தி செய்து இருமுறை சரிபார்த்துவிட்டேன்.

இந்நிலையில் என் தங்கை ஸ்லாத்தினா, என்னைக் கேட்காமல், என் பெயரில் ஒரு வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். நெதர்லாந்துக் காப்பீட்டு நிறுவனம், நம் தலைநகர் சோஃபியாவில் கிளை. அவர்களுடைய பழைய கணினி நிரல்கள் கோபோல் மொழியில் உள்ளன. அம்மொழி அறிந்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், அல்லது இறந்துவிட்டார்கள்.

“உனக்கு ஒழுங்காத் தெரிஞ்ச பாஷை அது ஒண்ணுதான், அண்ணே. மனுஷங்ககிட்ட பேசுறத நீ இன்னும் கத்துக்கவே இல்ல,” என்றாள். மின்பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். திரும்பும்முன் யாரிடமும் அனுமதி கேட்ட பழக்கம் இல்லாதவள்.

முழுநேர வேலை, வகுப்புகளும் பகலில். இரண்டில் ஒன்றுதான் இயலும். வேலை எனக்கு வேண்டாம். நேர்காணல் 9ஆம் தேதி. அதிலேயே மறுத்துவிட வேண்டும்.

பதிவு எண் 9,421
அக்டோபர் 6, வெள்ளி, காலை 6.10.

சரியாக உறக்கமில்லை. நேர்காணலை நினைத்தாலே நாக்கு உலர்கிறது.

பதிவு எண் 9,424
அக்டோபர் 9, திங்கள், மாலை 4.25.

முடிந்தது. திரையில் ஒரு பெண்மணி, மார்லூஸ் என்று பெயர். எதிரே கழுத்துப்பட்டையுடன் நான். கேட்ட பத்துக் கேள்விகளுக்கும் விடை சொன்னேன். பதினோராவதாக, “நவம்பர் ஒண்ணாம் தேதியிலிருந்து வர முடியுமா, மிஸ்டர் வெலிசார்?” என்றார்.

ஒரு சொல்லும் எழவில்லை. ஆகவே ‘இல்லை’ என்பதற்கு நம் நாட்டில் எல்லோரும் செய்வதுபோலத் தலையை மேலே உயர்த்தி இறக்கினேன். தெளிவாக, இருமுறை. அவர் முகம் மலர்ந்து, “ரொம்ப சந்தோஷம்!” என்றார்.

மறுப்பைக்கூட மலர்ச்சியோடு ஏற்கும் மக்கள். மதிப்பு உண்டாகிறது.

பதிவு எண் 9,425
அக்டோபர் 10, செவ்வாய், காலை 11.05.

ஒப்பந்தம் வந்திருக்கிறது. 27ஆம் தேதிக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம்.

நான் தலையசைத்த விதத்தைச் செய்து காட்டினேன். ஸ்லாத்தினா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ அண்ணே! அவங்க ஊர்ல தலைய மேலயும் கீழயும் ஆட்டினா ‘சரி’ன்னு அர்த்தம். பக்கவாட்டுல ஆட்டியிருக்கணும். மாட்டேன்னு சொல்லியே வேலை வாங்கின ஆளு நீ ஒருத்தன்தான்!”

பிழையை விளக்கி மறுத்து எழுதலாம். மூன்று வரி போதும். மூன்று முறை அமர்ந்தேன். ஏன் எழுத வரவில்லை?

இந்த வேலைக்கு நான் அஞ்சும் காரணத்தை எழுதிவிடுகிறேன், இங்கேயாவது. 1987 மார்ச் 17. ஆலைத் தொழிலாளர் பதிவேட்டுக்கான என் நிரலில் ஒரு முற்றுப்புள்ளி ஒரு வரி முன்னதாக விழுந்துவிட்டது. கோபோலில் புள்ளி விழுந்த இடத்தில் நிபந்தனை முடிந்துவிடும். ‘இவர் இறந்தவராயின்’ என்ற நிபந்தனை அங்கேயே முடிந்து, அடுத்த வரி எல்லோருக்கும் பொருந்திவிட்டது. ஆயிரத்து நூறு பேரும் பதிவேட்டில் இறந்துபோனார்கள். ஆலை மருந்தகம் இரண்டு நாள் எவருக்கும் மருந்து தரவில்லை. கடைசல் பட்டறைத் தொழிலாளி பாவெலுக்கு இன்சுலின் தரவில்லை. விழுந்துட்டாரு — நடைபாதையிலேயே — நான் பாத்தேன். பிழைத்தார். அதில் என் பங்கு ஏதுமில்லை.

ஸ்லாத்தினாவிடம் இதைச் சொன்னதில்லை. அன்றிலிருந்து என் கையெழுத்துக்குப் பின் ஒரு முற்றுப்புள்ளி வைக்கிறேன். அங்கே வைத்தால் எவருக்கும் தீங்கில்லை.

பதிவு எண் 9,432
அக்டோபர் 17, செவ்வாய், பிற்பகல் 2.50.

விண்ணப்பத்தைக் கொடுக்கப் போனேன். இணைப் பேராசிரியர் ரலித்சா பக்கங்களைப் புரட்டினார். வேலை விவரத்தையும், அது என்னால் ஆகாது என்பதையும் நானே சொல்லிவிட்டேன். கேட்காததையெல்லாம் சொல்வது என் வழக்கமன்று.

“1981ல ஏன் படிக்க வரல?”

“தேறமாட்டேனோ என்று பயமாக இருந்தது. வேலைக்குப் போய்விட்டேன்.”

“இப்ப வேலைக்குப் பயந்து படிக்க வர்றீங்க. ஐயா, கணக்குல கெட்டிக்காரர்தானே, இத நீங்களே போட்டுப் பாருங்க.” விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளினார். “உங்களுக்கு இடம் இருக்கு. 27ஆம் தேதி அஞ்சு மணி வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். ஆனா ஒளிஞ்சுக்க வராதீங்க.”

வழியில் ஒரு நிறுத்தம் தவறி இறங்கினேன்.

பதிவு எண் 9,435
அக்டோபர் 20, வெள்ளி, காலை 9.30.

பழகிக்கொள்வதற்கென்று நிறுவனம் தன் நிரலில் முந்நூறு வரி அனுப்பியிருந்தது. ஆண்டின் கடைசி நாளில் மட்டும் இயங்கும் பகுதி. அச்சிட்டுப் படித்தேன்.

212ஆம் வரி. ‘பயனாளி இறந்தவராயின்’. அதை அடுத்து ஒரு முற்றுப்புள்ளி.

அந்தப் பட்டியலில் நாற்பதாயிரம் பேர்.

“உன்னச் சோதிக்க வேணும்னே வச்சிருப்பாங்க,” என்கிறாள் ஸ்லாத்தினா. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான்தான் தவறாகப் படிக்கிறேனா? நான்கு முறை படித்துவிட்டேன். புள்ளி அங்கேயே இருக்கிறது.

பதிவு எண் 9,441
அக்டோபர் 26, வியாழன், மாலை 5.15. புனித திமித்தர் நாள்.

“அந்தக் காலத்துல இன்னிக்குத்தான் கூலியாளுங்களுக்கு ஒப்பந்தம் முடிஞ்சு விடுதலை,” என்றாள் ஸ்லாத்தினா, பனித்சா அப்பத்தை வெட்டிக்கொண்டே. “நம்ம வீட்டுல மட்டும் ஒருத்தன் நாளைக்கு மாட்டப்போறான்.”

அப்போது 1987ஐச் சொன்னேன். தேதிகளுடன், முழுவதும். அவள் கத்தியை வைக்கவில்லை.

“தெரியும்.”

“எப்படி?”

“பாவெல் என் வண்டியிலதான் வருவாரு, 2004 வரைக்கும். ‘நான் செத்துப் பொழைச்சவன், டிக்கெட் கிடையாது’ன்னு தினம் அதே ஜோக்கு. உன் பேரையும் சொன்னாரு. ‘உங்க அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்து கதவுகிட்ட நின்னுட்டே போயிட்டான், உள்ள வந்திருக்கலாம்’னாரு.”

“ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

“நீ ஏன் சொல்லல?”

பனித்சா சற்றுக் கருகியிருந்தது. இருவரும் தின்றோம்.

பதிவு எண் 9,442
அக்டோபர் 27, வெள்ளி, காலை 8.15.

விண்ணப்பத் தாள்களின் பின்புறம் வெறுமையாக இருந்தது. கடிதத்தின் வரைவை அதில்தான் எழுதினேன். நகல் கீழே.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

9ஆம் தேதி நான் தலையை உயர்த்தி இறக்கியது மறுப்பு. தாங்கள் அதைச் சம்மதமாகக் கொண்டீர்கள். எங்கள் வழக்கம் தாங்கள் அறியாதது. தங்கள் வழக்கம் நான் நினைத்துப்பார்க்காதது. இப்போது எழுத்தில் தெரிவிக்கிறேன்: நவம்பர் 1 முதல் வருகிறேன். அச்சம் நீங்கிவிட்டது என்று சொல்ல இயலாது. இணைப்பு 2ஐப் படித்த பின்னும் நான் தேவைப்பட்டால் மட்டும் அழையுங்கள். இணைப்பு 1ஐ, நான் தேவைப்படாவிட்டாலும், உடனே கவனியுங்கள்.

வெலிசார் கரபேத்ரோவ்

உடன் அனுப்பியவை:

1. நிரலின் 212ஆம் வரி, சிவப்பு மையில் குறித்தது.

2. என் மீதான கண்டிப்பு ஆணை, 1987 மார்ச் 19, நகல்.

3. ஒப்பந்தம், இரண்டு படிகள், இரண்டிலும் கையெழுத்திட்டது. பெயருக்குப் பின் முற்றுப்புள்ளி இல்லை