தொட்டியில் இருந்தது எந்தப் பாய் என்பது குறித்து

அனுப்புநர்:
த. சாமிக்கண்ணு (வயது 71),
ஓய்வுபெற்ற தந்தி எழுத்தர்,
செயலாளர், அல்லி அடுக்ககக் குடியிருப்போர் சங்கம்,
சாரம், புதுச்சேரி.

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
இணையவழிக் குற்றப் பிரிவு,
புதுச்சேரி.

பொருள்: எங்கள் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது படுக்கிற பாய்தான், தண்ணீர் கேன் போடும் நைனா முகமது பாய் அல்ல என்று முத்திரையுடன் எழுத்து மூலம் உறுதி கோருதல், வதந்தியைத் தொடங்கியவர் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. சங்க உறுப்பினர்களுக்கு நான் அனுப்பிய மின்னஞ்சல், நாள் 03.03.2025 (ஐந்து சொற்கள்).
2. எனக்கு வந்த தொடர் மின்னஞ்சல், நாள் 12.03.2025 (மூன்று பக்கங்கள்).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனு நீளமாக இருக்கும். முப்பத்தைந்து ஆண்டுகள் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். சொல் கூடினால் கட்டணம் கூடும் என்பதால், அழுதுகொண்டு வந்தவர்களிடம்கூட "'உடனே புறப்பட்டு வா' வேண்டாம்மா, 'வா' போதும்" என்று சொல்லிப் பழகிய வாய் இது. சுருக்கமாக எழுதியதால் வந்த வினையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஆகவே நீளத்தைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

1. எங்கள் அடுக்ககத்தில் மூன்று மாடி, முப்பத்திரண்டு வீடுகள். மொட்டை மாடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிமெண்ட் தொட்டி. அதன் மூடி உடைந்து வெகு நாளாகிறது. புதிய மூடி போடுவதென்று மூன்று கூட்டங்களில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம், மூடி போடவில்லை. 03.03.2025 காலை நான் ஏறிப் பார்த்தபோது தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் பாய் விழுந்து மடங்கி ஊறிக்கொண்டிருந்தது. பொறுப்புள்ள செயலாளர் என்ற முறையில் கீழே இறங்கி வந்து கீழ்க்கண்டவாறு மின்னஞ்சல் அனுப்பினேன்:

"தொட்டியில் பாய். தண்ணீர் குடிக்காதீர். செயலாளர்."

இதில் இன்னும் ஒரு சொல்லை வெட்ட முடியுமா என்று இரண்டு நிமிடம் யோசித்ததையும் மறைக்க விரும்பவில்லை.

2. முதல் பதில் மூன்றாம் மாடி ஆசிரியை கலைவாணி அவர்களிடமிருந்து வந்தது. "தொட்டியில் பாயச் சொல்கிறீர்கள், சரி. பாய்ந்த பிறகு தண்ணீர் குடிக்காமல் எப்படி இருப்பது?" என்று கேட்டிருந்தார். தமிழாசிரியைக்கே உரிய குசும்பு என்று நினைத்து விட்டுவிட்டேன். அந்த நிமிடமே உட்கார்ந்து இன்னும் நாலு சொல் சேர்த்து எழுதியிருந்தால் தங்கள் நேரம் வீணாகியிருக்காது.

3. இரண்டாம் மாடி செல்வகுமார் அவர்களுக்கு அது வேறு விதமாக அர்த்தமாகியிருக்கிறது. எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் திரு. கா. நைனா முகமது என்பவர் பதினான்கு ஆண்டுகளாகத் தண்ணீர் கேன் கடை வைத்திருக்கிறார். அவர் முழுப்பெயர் இந்த மனுவுக்காகக் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. எங்களுக்கு அவர் எப்போதும் பாய். செல்வகுமார் என் மின்னஞ்சலை உழவர்கரையில் உள்ள தம் மைத்துனருக்கு அனுப்பும்போது, "எங்க தொட்டியில பாய் ஏறிட்டாராம், இன்னா பண்ணாரோ தெரியல" என்று ஒரு வரி சேர்த்தார். மைத்துனர் அதை அனுப்பும்போது, தொட்டித் தண்ணீர் கெட்டால் கேன் தண்ணீர் விற்கும் என்று காரணம் சேர்த்தார். அது கனகசெட்டிக்குளம் போய்ச் சேர்ந்தபோது ஒரு தொட்டி பதினேழு தொட்டி ஆகிவிட்டது. அங்கிருந்து யாரோ பாரிஸில் இருக்கும் உறவினருக்கு அனுப்ப, அவர் பிள்ளைகளுக்கும் புரியட்டும் என்று பிரெஞ்சில் பெயர்த்து, 'முசியே பாய்' என்று மரியாதையும் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதை இங்கே மறுபடி தமிழாக்கிய புண்ணியவான், "பிரான்சிலிருந்தே எச்சரிக்கை" என்று தலைப்புக் கொடுத்துவிட்டார். ஒரு கடைக்காரரில் தொடங்கியது, அந்த மதத்துக்காரர் எவரிடமும் எதையும் வாங்கிக் குடிக்காதீர்கள் என்று அதில் முடிந்திருந்தது.

4. ஐயா, 12.03.2025 அன்று அந்த மின்னஞ்சல் எனக்கு வந்தது. நான் அதை நம்பினேன். பிரான்சு என்று இருந்ததால் நம்பினேன். மூன்று பக்கம் இருந்ததால் இன்னும் நன்றாக நம்பினேன். என் சொந்தப் பிள்ளை மீசை ஒட்டிக்கொண்டு வந்து நின்றால் யாரப்பா நீ என்று கேட்பதுபோல, என் ஐந்து சொற்களை எனக்கே அடையாளம் தெரியவில்லை. என் பாய் வேறு, இந்தப் பாய் வேறு என்றுதான் நினைத்தேன்.

5. அன்று மாலை வாசல் மணி அடித்தது. ரமலான் மாதத்தில் நைனா பாய் வீட்டு நோன்புக் கஞ்சி எங்கள் எல்லா வீட்டுக்கும் வரும். மூன்றாம் மாடி வரைக்கும், அதுவும் நோன்போடு, அவரே தூக்கிக்கொண்டு வருவார். கதவின் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். தூக்கு வாளியோடு நின்றுகொண்டிருந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. மூச்சுவிடாமல் நின்றேன். "சார் தூங்குறாரு போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார். அவர் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த மூன்று பக்கத்தை நாற்பத்து மூன்று பேருக்கு அனுப்பினேன். எழுபத்தொரு வயதில் இப்படி வெட்கப்பட வேண்டியிருக்கிறது.

6. முதல் மாடியில் வசிக்கும் நூலகர் சிந்துஜா அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவர். அவர் அதை நம்பவுமில்லை, என்னோடு சண்டைக்கும் வரவில்லை. சென்னையில் உள்ள ஓர் உண்மை சரிபார்ப்புக் குழுவுக்கு அனுப்பிவைத்தார். இரண்டாம் நாள் பதில் வந்தது, அதை எனக்கும் அனுப்பினார். மின்னஞ்சலில் இருந்த படம் வேறு நாட்டு நீர்த்தேக்கம், பிரெஞ்சு எச்சரிக்கை என்று எதுவும் கிடையாது, அனுப்பியவர்களை ஒவ்வொருவராகக் கேட்டுப் பின்னோக்கிப் போயிருக்கிறோம், முதல் செய்தி எங்கிருந்து புறப்பட்டது என்பதையும் விரைவில் சொல்கிறோம் என்று இருந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்கள் யார்? யார் சொல்லி இதைச் செய்கிறீர்கள்? அந்த முதல் ஆசாமியைக் காட்டுங்கள், பார்ப்போம்!" என்று அவர்களுக்கு எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய நீளமான கடிதம் அதுதான், இம்மனுவுக்கு முன்பு வரை.

7. அவர்கள் காட்டினார்கள். பார்வை 1-இல் கண்ட என் மின்னஞ்சலே நேரம், நாளுடன் இணைக்கப்பட்டிருந்தது. அதன் கீழே மிகவும் பணிவாக ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்கள்: "ஐயா, இதில் பாய் என்பது நபரா, பொருளா?" "பொருள்" என்று பதில் அனுப்பினேன். பழக்கதோஷம், ஒரே சொல்தான் வந்தது.

8. 19.03.2025 அன்று கடைக்குப் போய் நைனா பாயிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் அவரிடம் கேன் வாங்கிய இருபத்தேழு வீடுகள் மூன்றாகிவிட்டன. கஞ்சித் தூக்கு ஒவ்வொரு மாலையும் மேலே போய் நிறைந்தபடியே கீழே வந்துகொண்டிருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேட்டது இதுதான்: "அது கெடக்குது சார். அந்தப் பாய எடுத்துட்டீங்களா?"

எடுக்கவில்லை, ஐயா. பதினாறு நாட்களாக முப்பத்திரண்டு வீடும் சதியை ஆராய்ந்துகொண்டிருந்தோம். ஒருவரும் மேலே ஏறவில்லை. அந்தத் தண்ணீரில்தான் அத்தனை பேரும் பல் தேய்த்தோம், சாமிக்குப் பூத்தட்டும் கழுவினோம்.

9. அவரே நோன்போடு ஏணி வைத்து ஏறி, தொட்டியில் இறங்கிப் பாயை எடுத்தார். மூலையில் குக்கர் சுட்ட வட்டத் தழும்பைப் பார்த்ததும் என் மனைவி கமலா, "அடக் கடவுளே, நம்ம வடாம் பாயிங்க இது!" என்று கத்திவிட்டாள். மூன்று வாரமாக அதை எதிர்வீட்டு நிர்மலா எடுத்துவிட்டதாகச் சொல்லி அவரோடு பேசாமல் இருந்தாள். ஆக, பாயும் என்னுடையது, செய்தியும் என்னுடையது.

10. இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நைனா பாய் தொட்டிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றதைச் செல்வகுமார் படம் எடுத்தார். உண்மை எல்லோருக்கும் தெரியட்டும் என்ற நல்லெண்ணம் என்கிறார். அந்தப் படத்தின் கீழே என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்ட சுருக்கத்துடன் "தொட்டியில் பாய்" என்று எழுதி அதே மைத்துனருக்கு அனுப்பிவிட்டார். இதுவரை ஆதாரமில்லாமல் இருந்த பொய்க்கு இப்போது எங்கள் தொட்டியும் அவர் முகமும் உள்ள அசல் படமே கிடைத்துவிட்டது. நேற்று முன்தினம் அது பாரிஸைத் தாண்டிவிட்டதாக அறிகிறேன்.

11. சங்கக் கூட்டத்தைக் கூட்டி உண்மை சரிபார்ப்புக் குழுவின் அறிக்கையைப் படித்தேன். துணைத் தலைவர் செம்மல் எழுந்து, "சரிபாக்கறவங்கள யாரு சரிபாக்கறது?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவருக்கு வந்த மூன்று பக்கத்தை யார் சரிபார்த்தது என்று கேட்டேன். அது அவர் சித்தப்பா அனுப்பியதாம். அறிக்கை அனுப்பியவர்கள் நிரூபணமும் அனுப்பினார்கள், தவறானால் திருத்துகிறோம் என்றும் எழுதியிருக்கிறார்கள், சித்தப்பா அப்படி எழுதுவாரா என்றேன். கடைசியில், வட்ட முத்திரையோடு காவல்துறைக் காகிதம் வந்தால் நம்புவதாகத் தீர்மானம் போட்டார்கள். அதனால்தான் தங்கள் வாசலில் நிற்கிறேன்.

12. பெருநாள் முடிந்ததும் கடையைக் காலி செய்துகொண்டு காரைக்காலில் உள்ள தங்கை வீட்டுக்குப் போவதாக நைனா பாய் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. அவர் போகக் கூடாது, ஐயா. போனால் எங்கள் முப்பத்திரண்டு வீடும் சேர்ந்து துரத்தியதாகத்தான் அர்த்தம், அதில் முதல் ஆள் நான்.

ஆகவே கோருவன: தொட்டியில் இருந்தது பொருள், நபர் அல்ல என்றும், படத்தில் உள்ள நபர் அந்தப் பொருளை எடுத்துதவியவர் என்றும் தாங்கள் முத்திரையிட்டு ஓர் உறுதிக் கடிதம் தர வேண்டும். பொய்யை அனுப்பிய ஒவ்வொருவரும் அதே ஆட்களுக்கு, அதே எண்ணிக்கையில் மறுப்பை அனுப்பும்படி தாங்கள் உத்தரவிட வேண்டும். என் நாற்பத்து மூன்று பேருக்கும் நான் அனுப்பிவிட்டேன், ஆறு பேர் என்னை விலைபோய்விட்டதாகச் சொல்கிறார்கள். வதந்தியைத் தொடங்கியவர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். முகவரி மேலே, அனுப்புநர் என்ற இடத்தில் உள்ளது. காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், அதற்கு முன் கீழே கேன் இறக்கக் கூடமாட நிற்கிறேன்.

இம்மனுவின் மீது பெருநாளுக்கு முன்பாகவே தாங்கள் கருணை காட்ட வேண்டுமென்று கைகூப்பிக் கேட்டுக்கொள்ளும்,

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
த. சாமிக்கண்ணு

இடம்: சாரம், புதுச்சேரி
நாள்: 24.03.2025

இணைப்பு:
1. பார்வையில் கண்ட மின்னஞ்சல்கள் – 2
2. உண்மை சரிபார்ப்புக் குழுவின் அறிக்கை – 1
3. பாய் (பிளாஸ்டிக், நீல நிறம், மூலையில் குக்கர் சுட்ட தழும்பு) – 1. வடாம் காலம் முடிவதற்குள் திருப்பித் தருமாறு என் மனைவி கேட்டுக்கொள்கிறார்.
4. மற்றொரு பாய் இணைக்கப்படவில்லை. அவர் தம் கடையிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் இம்மனு.