கதவுக்கு வெளியே கேட்ட படம்

என் பாட்டுப் பிரியர் அப்பாவுக்கு,

போன சனிக்கிழமை நான் பேசிவிட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசி வரைக்கும் நீங்கள் பதற்றத்தோடு இருப்பீர்கள்.

இங்கே ஜெர்மனியில், பான் நகரில் எங்கள் பல்கலைக்கழகத் திரைப்படக் குழு, நான் ஆய்வு செய்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைத் திரையிட்டது. தலையில் சால்வை போட்ட ஆலைத் தொழிலாளிப் பெண், நினைவிருக்கிறதா? மேடையிலும் இசைத்தட்டிலும் பெயர்பெற்ற பாடகிகளை வைத்து, பாட்டுகளுக்காகவே ஒரு கதை கட்டி, பிரிட்டனில் அந்தக் காலத்தில் எடுத்த படங்களில் ஒன்று. தொடங்குமுன் அதைப் பற்றி நான் சிறிது நேரம் பேச வேண்டும். "முன் வரிசையிலை நான் இருப்பன். என்னைப் பாத்துக் கதை, பிள்ளை" என்றீர்கள். வகுப்பில் கை உயர்த்தவே கூசுகிறவள், அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஒப்புக்கொண்டேன்.

உங்களுக்குக் கம்பித் தொழிற்சாலையில் வேலையில்லாத ஞாயிறுகளில் நாம் இருவரும் அதைப் பார்ப்போம். உங்களுக்கு ஆங்கிலம் பாதிதான் விளங்கும். ஆனாலும் அவள் நேரே நம்மைப் பார்த்துப் பாடும்போது தலையாட்டிப் பதில் சொல்வீர்கள். அவள் விரும்பியவன் வேறொருத்தியோடு போகும் இடத்தில் ஒவ்வொரு முறையும் கோபம் வரும். "பாட்டெல்லாம் இவளுக்கு, மாப்பிள்ளை மட்டும் மற்றவளுக்கோ?"

கடைசிப் பாட்டு முடிந்ததும் அவளுடைய சிரிப்பு ஒரு கணம் இறங்கும். கடைசியாகப் பார்த்த ஞாயிறு, அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னீர்கள். அப்போதே உங்களுக்கு நோய் தெரிந்திருந்ததா, அப்பா?

உங்கள் ஆண்டுத் திவசம் முடியும்வரை நம் வீட்டில் கல்யாணம் இல்லை, கொண்டாட்டம் இல்லை, சினிமா இல்லை. அம்மா அதில் கண்டிப்பு. ஆகவே வர இயலாது என்று குழுவுக்கு எழுதப் போனேன். அம்மா தடுத்தார். "நீ பேசு. பேசிப்போட்டு வெளியிலை வா. அவர் சொல்லிப்போட்டுப் போன காரியம்."

அன்று காலை அம்மாவும் மேலங்கி மாட்டிக்கொண்டு நின்றார். நம் ஊர் ஹம்மிலிருந்து ரயில் ஏறினோம். வுப்பர்டால் நெருங்கியதும் என் காதுக்குள் சொன்னார்: "ஆரும் தெரிஞ்ச ஆக்கள் ஏறினால் ஆஸ்பத்திரியிலை டொக்டரைப் பாக்க டெர்மின் எண்டு சொல்லு." யாரும் ஏறவில்லை. இருந்தும் கொலோன் வரைக்கும் நோயாளி போலவே சாய்ந்திருந்தார். நீங்கள் இருந்திருந்தால் சிரித்தே காட்டிக் கொடுத்திருப்பீர்கள்.

அரங்கில் முன் வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துப் பேச முடியவில்லை. கதவு சற்றே திறந்திருந்தது. அந்த இடுக்கில் அம்மாவின் மேலங்கி ஓரம் தெரிந்தது. அதைப் பார்த்துப் பேசினேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவள் நான் என்றும், இந்தப் படத்தை ஒரு ஆலைத் தொழிலாளியோடு இருந்துதான் பார்த்தேன் என்றும் சொன்னேன்.

விளக்கு அணைந்ததும் வெளியே வந்து, அம்மாவோடு வாங்குப் பலகையில் இருந்தேன். கதவுக்குள்ளிருந்து பாட்டுக் கேட்டது. படம் எனக்கு மனப்பாடம். இப்போது கடற்கரை, இப்போது அவன் மற்றவளோடு போகிறான் என்று அம்மாவுக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். "உதுக்குத்தானே கொப்பர் அடுப்படி வரைக்கும் வந்து புறுபுறுக்கிறவர்" என்று உங்களைச் சொன்னார்.

கடைசிப் பாட்டும் வந்தது. நின்றது.

"இப்ப என்ன நடக்குது?" என்று அம்மா கேட்டார்.

அவள் சிரிப்பு இறங்கும் இடம் அது, அப்பா; அதைச் சொல்லிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. அம்மா என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். உள்ளே கைதட்டினார்கள்.

உங்கள் திவசம் முடிந்த மறு ஞாயிறு, நம் வீட்டுச் சோபாவில் நீங்கள் வழக்கமாக இருக்கும் பக்கத்தில் அம்மாவை இருத்தி, அந்த முகத்தை அவருக்குக் காட்டுவேன். எத்தனை முறை கேட்டாலும் திருப்பிப் போடுவேன்.

அம்மாவின் பக்கத்தில் இருக்கும்
உங்கள் பிள்ளை