புகை மணக்கும் போத்தலுக்கு எங்கள் தீர்ப்பு

பெரியகல்லாறு
16.02.2025

அன்பு மகள் டிலக்சனாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தம்பியும் சுகம், கண்ணகை அம்மன் காவலில் ஸ்கொட்லாந்துக் குளிரிலும் நீ நோய்நொடியில்லாமல் இருப்பாய் என்று நம்பியே தொடங்குகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், பாதியில் கோபித்துக்கொண்டு மூடிவைக்காதே, கடைசிவரை வாசி. மழை விட்டு வாவியில் தண்ணீர் இறங்கிவிட்டது, அப்பா திரும்பவும் தோணி இறக்குகிறார், இறால் இல்லை, கெளுத்திதான் வலை நிறைய. தம்பி புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு போனைத்தான் பார்க்கிறான், உன்னுடைய சொல்லுக்குப் பயப்படுவான், ஒரு வார்த்தை சொல்.

இனி விசயத்துக்கு வருகிறேன். இரசாயனம் படிக்கப் போன பிள்ளை விஸ்கி வடிக்கிற ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. நீங்கள் ஓம் என்றால்தான் சம்மதிப்பேன், இந்த மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். என் தம்பி தினேஸ், உன் மாமா, காட்டில் களவாய்க் காய்ச்சிய கசிப்பைக் குடித்து முப்பத்தொரு வயதில் ஈரல் அழுகிச் செத்தவன். பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் சாராயக்கடை திறக்க விடமாட்டோம் என்று மாதர் சங்கத்துப் பெண்களோடு வெயிலில் நிற்கிறவள் நான். என்னிடம் போய் இதைக் கேட்கிறாயே என்று முதலில் ஆத்திரம்தான் வந்தது. பிறகு லீவில் வந்த உன் சிநேகிதியிடம் ஒரு போத்தலும் கொடுத்தனுப்பினாய், நான் செய்யப் போகும் வேலை இதுதான், குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று. அந்தத் துணிச்சல் யாரிடமிருந்து வந்தது என்று அப்பா என்னைத்தான் பார்த்தார்.

இன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் அதைத் திறந்தோம். அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் கந்தப்போடி பெரியப்பாவும் வந்திருந்தார், ஊரில் எந்தச் சரக்கானாலும் மணந்தே சொல்லிவிடுகிறவர் அல்லவா. மூடியைத் திறந்ததும் முகத்தைச் சுளித்து அப்பாவின் பக்கம் திரும்பினார். "தம்பி, இது அடிப்பிடிச்ச சரக்கு, பானையில கருகிப்போன புளிச்ச கோடாவ வடிச்சு புள்ளைட தலையில கட்டிப்போட்டானுகள்" என்றார். கசிப்பில் புகை மணந்தால் அது கழிவு, அரை விலைக்குப் போகும், அது எனக்கும் தெரியும். கரண்டியில் ஊற்றி நெருப்பு வைத்துப் பார்த்தார்கள், நல்ல சரக்கு எரிகிற மாதிரி நீலமாய் எரிந்தது, அப்படியும் அவர் நம்பவில்லை. கருகல் போக என்று ஜிஞ்சர் பியர் கலந்தார், கருவாட்டோடு ஒரு வாய் குடித்துவிட்டு, இதுக்கு எங்கட சாராயம் தேவாமிர்தம் என்று தள்ளி வைத்தார். அப்பா முகம் கறுத்து, புள்ள கள்ளனுகளோட வேல செய்ய ஒண்ணா, உடனே விட்டுப்போட்டு வரச்சொல்லு என்று போனைத் தேடத் தொடங்கிவிட்டார். நான்தான் தடுத்தேன். நீ முன்பு சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது, சதுப்பு நிலத்தில் கட்டி கட்டியாய் வெட்டிக் காயவைத்த மண்ணை எரித்து, அந்தப் புகையில்தான் முளைத்த பார்லியை உலர்த்துவார்கள், பிறகு பத்து வருடம் பீப்பாயில் கிடக்கும் என்று. அதைச் சொன்னேன். பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கருகின மணத்தக் காசு குடுத்து வாங்குறானுகளா? அப்ப எங்கட கண்டல் காட்டுக்குள்ள காய்ச்சிறவனெல்லாம் இப்ப கோடீஸ்வரனா இருக்கோணுமே புள்ள!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கிளாசில் கொஞ்சம் ஊற்றி, நீ சொன்னபடி இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு நானே மணந்தேன். அப்பா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார், கல்யாணம் முடித்த இத்தனை வருடத்தில் நான் தொட்டதில்லையே. முதலில் வந்தது ஆசுப்பத்திரி வார்ட்டு மணம், தினேஸ் கிடந்த கட்டில் கண்ணுக்குள் வந்தது, கிளாசைக் கீழே வைத்துவிட்டேன். திரும்ப எடுத்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். புகை, அதற்குள் கடற்கரை உப்பு, விழுங்கின பிறகு பனங்கட்டி மாதிரி மெல்லிய இனிப்பு, கனநேரம் போகாமல் நின்றது. எங்கள் கருகலில் இந்த இனிப்பு இருக்காது மகள். பொலிசுக்குப் பயந்து காட்டுக்குள் அவசரத்தில் காய்ச்சுகிறவனுக்குக் கிண்டவும் நேரமில்லை. அதைக்கூட மன்னிக்கலாம், கருகல் யாரையும் கொல்லவில்லை. கசிப்புக்குள் யூரியாவையும் பற்றரியையும் போட்டவன் எவன் என்று தினேஸ் செத்த பிறகும் ஒருவரும் கேட்கவில்லை, ஏழை குடிக்கிறதை யார் சோதிப்பார்கள்? பணக்காரன் குடிக்கிறதுக்கு ஆலை, ஆய்வுகூடம், போத்தலில் செய்தவன் பெயர், வருடம். அந்த விலையில் பாதி அதற்குத்தான் என்று நினைக்கிறேன், தவறினால் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறான் என்பதற்கு.

உன் வேலையும் அதுதானே. ஒவ்வொரு பீப்பாயையும் சோதித்து, பழுதென்றால் வெளியே போகவிடாமல் நிறுத்துவது. அப்படி ஒருத்தி அன்று இங்கே இருந்திருந்தால் உன் மாமா குடிகாரனாகவாவது உயிரோடு இருந்திருப்பான். அதனால் ஓம் என்கிறேன், சம்மதித்துக் கையெழுத்துப் போடு. நான் சொன்னதைக் கேட்டுத் தானும் தண்ணீர் விட்டு ருசி பார்த்த அப்பாவும் ஓம் சொல்லிவிட்டார், சொல்லிக்கொண்டே மூன்றாம் முறை ஊற்றப் போனார், போத்தலைப் பறித்துப் பூட்டிவிட்டேன். நல்ல சரக்கு என்பதற்காகக் குடி நல்லதாகிவிடாது, செவ்வாய்க்கிழமை புளியந்தீவுக் கச்சேரிக்கு, அரசாங்க அதிபரிடம், கடைக்கு எதிரான மனுவோடு போகத்தான் போகிறேன். கடைக்காரனின் ஆட்கள் இப்பவே, உங்கட மகள் வெளிநாட்டில சாராயம் காய்ச்சிறாளாமே என்று நக்கலடிக்கிறார்கள். ஓம், கெட்டதக் கெட்டதெண்டு சொல்ற வேல, உங்களுக்கும் அப்பிடி ஒருத்தி வேணும் என்று சொல்லிவிட்டு நடப்பேன்.

மேலதிகாரி அவசரப்படுத்தினாலும், நீ தமிழ்ப்பிள்ளை உனக்கென்ன தெரியும் என்று பார்த்தாலும், பழுதைச் சரி என்று எழுதிவிடாதே மகள், அதை மட்டும் மறந்துவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளிச் சப்பாத்து வாங்கு, இனிப் போத்தல் அனுப்பாதே. அம்மனின் கண் உன்மேல் இருக்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு.

உன் அம்மா,
றஞ்சிதா நல்லரத்தினம்