விடைத்தாளில் வஞ்சிரக் குழம்பு

சாந்தோம்,
செப்டம்பர் 1996

அன்பு மகனுக்கு,

எங்கள் அஞ்சல்வழிப் படிப்பின் தரத்தை ஆராய ஒரு குழு சனிக்கிழமை வகுப்புக்கு வந்திருந்தது. "நீங்க அனுப்புற விடைத்தாளை யாராவது படிக்கிறாங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார்கள்.

அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. அதனால்தான் ஒருமுறை வரலாற்று விடைக்கு நடுவே வஞ்சிரக் குழம்பு வைக்கும் விதத்தை எழுதி அனுப்பினேன். சிவப்பு மையில் 'நன்று' என்று திரும்பி வந்தது. அதை எடுத்துக் காட்டியதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான்.

வீட்டுக்கு வந்தால், மஸ்கட்டிலிருந்து உன் பதில். 'நீங்கள் நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி' என்று எழுதியிருந்தாய்.

போன கடிதத்தின் நடுவில்தானே, கண்ணா, ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் எனக்கு ஆபரேஷன் ஆனதை எழுதியிருந்தேன்?

வேறொன்றுமில்லை. தையல் பிரித்தாகிவிட்டது.

உன் அம்மா