சந்தைத் தடமும் வாழைத்தாரும்

புதன் இரவு, அமெரிக்காவில் பிளானோ, மகன் வீடு.

எனக்கு எழுதத் தெரியாது. போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

ஊரில் தோட்டத்துக்காரர் நிலத்து வழியாகச் சந்தைக்குப் போகும் வண்டித் தடத்தை அவர் பேரன் கேட் போட்டு அடைத்துவிட்டான். ஊர்க்காரர்கள் கேஸ் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அதில் நடந்தவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். நாளை ராத்திரி இங்கிருந்தே வீடியோவில் சாட்சி சொல்ல வேண்டும்.

முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள ஊர்க்காரர்களின் வக்கீல் தம்பி இன்று வீடியோவில் கூப்பிட்டான். வண்டி கட்டிப் போனது, யாரும் தடுக்காதது, எல்லாம் சொன்னேன்.

"பொங்கலுக்குப் பொங்கல் தோட்டத்துக்காரரு வீட்டுக்கு ஒரு வாழைத்தார் குடுத்துட்டு, இந்த வருசமும் போய்க்கிறோமுங்கன்னு சொல்லிட்டு வருவோம்" என்றேன்.

அவன் முகம் வாடிவிட்டது. "ஐயா, அதை மட்டும் சொல்லீராதீங்க. கேட்டுட்டு நடந்தா அது உரிமை ஆகாது. கேசே போயிரும்."

"மரியாதைக்குக் குடுத்ததுங்க தம்பி."

"கோர்ட்டுக்கு அது தெரியாதுங்க."

பக்கத்தில் லேப்டாப்போடு இருந்த என் மகன் பிரபு, "ஞாபகமில்லைன்னு சொல்லிருங்கப்பா, சிம்பிள்" என்றான். என் ஞாபகத்தை நம்பித்தானே ஊரே கூப்பிடுகிறது.

நான் வாயைத் திறந்தால் கூடைக்காரப் பெண்களெல்லாம் லாரிகளுக்கு நடுவே மெயின் ரோட்டைச் சுற்றித்தான் சந்தைக்குப் போக வேண்டும். மறைத்தால் சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொன்னவனாவேன்.

படுத்த பிறகு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஒரு தடவை தாரைச் சுமந்து போனவன் நான். மோர் கொடுத்துக்கொண்டே அந்த வீட்டம்மா, "இதெல்லாம் எதுக்குடா, தடம் உங்களுதுதானே" என்றார். அதைக் காதால் கேட்டது நான் மட்டும்தான். அதைச் சொன்னால் தாரையும் சொல்ல வேண்டும்.

இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேஸ் நிற்குமா என்று கேட்க வக்கீல் தம்பியை இரண்டு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.