ஜாஃபரின் ஸ்டூலும் கன்மெட்டல் நட்டும்

என் பிரியமான சண்டைக்கார மச்சான் ஜாஃபருக்கு ஸலாம்.

பட்டறை ஓடுகிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்டுக் கேட்டே என் உயிரை எடுப்பாய். "ஜாஃபர் பாய் பூட்டாரு, சாதிக் ஒண்டியா இன்னா பண்ணப்போறாரு?" என்று பெருங்களத்தூரில் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. பேசட்டும் என்று விட்டேன். ஆனால் பயம் இருந்தது, மச்சான். உன்னிடம் மறைப்பானேன்?

லேத்தில் கை எனக்கு நன்றாகவே ஓடும், உன்னைவிடவும். நம் வழக்கம்தான் என்னைப் படுத்தியது. புது வேலை எது வந்தாலும், எந்த உலோகத்தில் செய்யலாம் என்று ஒருவன் சொல்ல வேண்டும், மற்றவன் எதிர்த்துப் பேச வேண்டும். அவனுக்குப் பதில் சொல்லாமல் ராடு லேத்தில் ஏறாது. பெரும்பாலும் எதிர்க்கட்சி நீதான். பித்தளை என்றால் எதுக்குப் பித்தளை என்பாய், நைலான் என்றால் எதுக்கு நைலான் என்பாய். டீ ஆறிப்போகும். இனி என்னை யார் எதிர்ப்பார்கள்?

அந்தச் சமயத்தில்தான் மேடவாக்கம் தண்ணீர் லாரிக்காரர் தனசேகர் வந்தார். லாரி வால்வுகளின் திருகுத் தண்டும் அது சுழலும் நட்டும் துருப்பிடித்துப் போயிருந்தன.

"பாய், ரெண்டையும் எஸ்எஸ்லயே போட்டுக் குடு. தொறக்க மூட முடியாம பேஜாரா கீது. மொதல்ல ஒரு லாரிக்குப் பாக்கறேன். சரியா வந்தா எல்லா லாரியும் உன்கிட்டதான். இல்லனா வேற எடம் பாத்துக்கறேன்."

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காதுதான். ஆனால் இரண்டு எஸ்எஸ் மரைகள் அழுத்தத்தோடு உரசினால், ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பாதியில் இறுகிவிடும். அதனால் தண்டு எஸ்எஸ், நட்டு வெண்கல ஜாதியான கன்மெட்டல் என்று முடிவு செய்தேன். கன்மெட்டல் கவ்வாது. தேய்ந்தாலும் நட்டுதான் தேயும், தண்டு பிழைக்கும். எல்லாம் சரி, எதிர்க்க ஆளில்லை. ராடைப் பிடித்து மாட்டிவிட்டு, மோட்டாரைப் போடாமல் மரம் மாதிரி நின்றேன்.

ரஹ்மத் உள்ளே வந்தாள். என் தங்கை, உன் மனைவி. நீ மௌத்தான பிறகு வீட்டோடு இருந்த இத்தா நாட்கள் முடிந்து முதல் தடவையாகப் பட்டறைக்கு வந்திருந்தாள், ஆணியில் தொங்கிய உன் சட்டையை எடுத்துப்போக. நான் யாரையும் உட்காரவிடாத உன் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

"ஏண்ணே மெஷினைப் போடாம நிக்கிறே?"

சொன்னேன். சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எதுக்கு கன்மெட்டல்? தேயும்னு நீயே சொல்றே. தேஞ்சா முழு வால்வையும் கழட்டி இங்க தூக்கிட்டு வரணுமா? அதுவரைக்கும் லாரி சும்மா நிக்கணுமா?"

"உனக்கு யாரு இதெல்லாம் சொன்னது?"

"உங்க சண்டையோட மிச்சத்தை அவரு தினமும் சோத்துத் தட்டு முன்னாடிதானே போட்டாரு."

நட்டுக்கு வரைந்து வைத்திருந்த படத்தை அழித்துவிட்டு, நட்டைத் தனித் துண்டாகக் கடைந்து, வெளியிலிருந்து இரண்டு போல்ட்டில் மாட்டினேன். தேய்ந்தால் டிரைவரே ஒரு ஸ்பானரை வைத்து மாற்றிக்கொள்ளலாம். கடையும்போது அழுதேன், மச்சான். மெஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டும் எஸ்எஸ் கேட்ட தனசேகர் நட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "ஓட்டிப் பாருங்க. இறுகிப்போச்சுன்னா இங்கயே வந்து திட்டுங்க" என்றேன். அந்தக் கோடை முழுக்க வால்வு விரல் பட்டால் சுழன்றது. பிறகு அவருடைய மற்ற லாரிகளும் வந்து நம் சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டன. சாதிக் இன்னா பண்ணப்போறாரு என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

உன் சட்டை மறுபடி ஆணிக்கே போய்விட்டது. அதை எடுக்க வந்தவள் இப்போது தினமும் வருகிறாள். நேற்று ஒரு பல்சக்கரத்தை நைலானில் போடலாம் என்றேன். "எதுக்கு நைலான்?" என்றாள், உன் ஸ்டூலிலிருந்து. டீ ஆறிப்போனது.

ஒரு வாக்குத் தருகிறேன். தங்கச்சிதானே, பாவம், புருஷனை இழந்தவள்தானே என்று எந்தச் சண்டையிலும் அவளுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். உனக்கு விட்டுக்கொடுத்தேனா என்ன?

உன் மச்சானும், உன் ஸ்டூலில் இருப்பவளுக்கு அண்ணனுமான
சாதிக்